கதிரையும் சுவரும் பாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

விசுவமடுப் பக்கம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் மாதர் சங்கம் யோகா வகுப்புத் தொடங்கி நாலு மாதமாகிறது. காசு வாங்குவதில்லை. முதற்கிழமை நாற்பது பேர் வந்தார்கள், இப்போது பதினைந்து பேர்தான். வயதானவர்கள், கால் இழந்தவர்கள், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வராமல் விட்டுவிட்டார்கள்.

மூன்று பேர் மாறி மாறிப் படிப்பிக்கிறார்கள். ஒருவர் ஒரே ஆசனத்தில் நெடுநேரம் நிறுத்தி, குதிக்கால் முதல் பிடரி வரை திருத்துவார். இன்னொருவர் சூரிய நமஸ்காரத்தைக் கெதியாகப் பன்னிரண்டு சுற்றுச் செய்விப்பார். மூன்றாமவர் மூச்சுத்தான் யோகா என்கிறார். 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடச் சொல்கிறார். ஒருவர் சொல்வதை மற்றவர் பிழை என்கிறார். சனம் குழம்புகிறது. இதில் எது சரியான யோகா? விட்டுப் போனவர்களை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

(பெயர் போடவேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். போனவர்கள் யோகா பிடிக்காமல் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய உடம்புக்கு அந்த வகுப்பில் இடம் போட்டிருக்கவில்லை. வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்பது நல்லதுதான். ஆனால் "எல்லாரும் குனிஞ்சு காலைத் தொடுங்கோ" என்று ஆசிரியர் சொல்லும்போது, குனியக்கூடாதவர் என்ன செய்வது என்பதும் அதே வாயால், அதே நேரத்தில் வரவேண்டும். வராவிட்டால் அவர் முதல் நாள் சுவரோரம் நின்று பார்ப்பார், இரண்டாம் நாளும் பார்ப்பார், மூன்றாம் நாள் வீட்டில் வேலை இருக்கிறது என்பார்.

ஆகவே எந்த ஆசனத்தையும் கதிரை, சுவர், பாய் என்று மூன்று இடத்துக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். மூன்று இடத்துக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். கதிரையில் இருப்பவருக்கு "நீங்கள் சும்மா மூச்சு விடுங்கோ" என்று சொல்லி ஒதுக்கவேண்டாம். அவருக்கும் அதே ஆசனம்தான்.

நாய் சோம்பல் முறிப்பதுபோல் குனியும் அதோமுக சுவானாசனத்தை எடுத்துக்கொள்வோம். பாயில் செய்பவர் உள்ளங்கைகளைத் தோளகலத்தில் ஊன்றி, இடுப்பை மேலும் பின்னுமாகத் தள்ளுகிறார். சுவரில் செய்பவர் கைகளை இடுப்புயரத்தில் சுவரில் வைத்து, காலடி காலடியாகப் பின்வாங்கி, முதுகும் கையும் நிலத்துக்குச் சமாந்தரமாக வரும் இடத்தில் நிற்கிறார். கதிரையில் இருப்பவர் முன்விளிம்புக்கு வந்து, எதிரில் சுவரோடு முட்டவைத்த இன்னொரு கதிரையின் முதுகில் கைகளை ஊன்றித் தள்ளி, இடுப்பிலிருந்து முன்சாய்கிறார். மூவரும் செய்வது ஒரே வேலை: கை முன்னுக்குத் தள்ளுகிறது, இடுப்பு பின்னுக்குப் போகிறது, முள்ளந்தண்டு நீளுகிறது. ஐந்து மூச்சு. பாயிலும் சுவரிலும் செய்பவர்கள் பிழை விடுவதும் ஒரே இடத்தில்தான். தொடையின் பின்தசை இறுகியவர் முழங்காலை நேராக வைத்தே தீருவேன் என்று நின்றால் நாரி கூன்விழும். முழங்காலைக் கொஞ்சம் மடித்தால் நாரி தானாக நிமிரும். குதிக்கால் நிலத்தில் படவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. சுவரில் நிற்பவருக்குத் தலை தொங்கினால் கைகளை நெஞ்சுயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பிரஷர் கட்டுப்படாதவரும், கண்ணில் குளுக்கோமா உள்ளவரும் தலை கீழே போகும் பாய் முறைக்குப் போகாமல் சுவரிலேயே நிற்கட்டும்.

கதிரைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரை பொலிஷ் போட்ட சீமெந்தில் வழுக்கும், பின்கால் விரிந்து மடியும். ஒரு கதிரைக்குள் இன்னொன்றைச் செருகி இரட்டையாக்கி, கீழே சணல் சாக்கு விரித்து, முதுகைச் சுவரோடு முட்டவையுங்கள். பள்ளிக்கூட மரக்கதிரை கிடைத்தால் அதுதான் நல்லது. பாதம் நிலத்தில் படாத கட்டையான ஆட்களுக்குக் காலடியில் ஒரு செங்கல் போதும். பன்பாயும் இதே நிலத்தில் வழுக்கும். நின்று செய்பவற்றை வெறுங்காலோடு வெறும் நிலத்தில் செய்யுங்கள், பாய் இருக்கவும் படுக்கவும் மட்டும். பட்டி வேண்டுமென்றால் பழைய சீலையை ஆறடி நீளத்துக்குக் கிழித்தால் சரி.

எல்லாவற்றையும்விட இது முக்கியம்: வகுப்புத் தொடங்கமுன் எட்டுப் பத்துக் கதிரைகளைப் போட்டுவைத்துவிடுங்கள். ஆசிரியரும் அதில் ஒன்றில் இருந்தே முதல் பத்து நிமிடத்தை நடத்தட்டும். கேட்டால்தான் கதிரை வரும் என்றால் எங்கள் சனம் கேட்காது.

கால் இழந்தவர்களுக்கு வருவோம். பொய்க்கால் போட்டிருப்பவர் நின்று செய்வதைச் சுவரோரம் போட்டபடியே செய்யலாம். நிலத்தில் செய்பவற்றுக்குக் கழற்றிவிடுவதே வசதி. கழற்றுகிற இடமும் பாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். எல்லார் முன்னாலும் மண்டபத்தைத் தத்திக் கடக்க வைக்காதீர்கள். நெடுநேரம் இருந்தபடியே இருப்பதால் அவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் சுருங்கி இறுகும். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இது இன்னும் கூட. இறுகினால் நடக்கும்போது நாரி வளைந்து நோகத் தொடங்கும். குப்புறப் படுத்து, இடுப்பு எலும்பு இரண்டும் பாயில் பட, முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் கிடப்பது அவர்களுக்கு எந்தக் கடின ஆசனத்தையும்விடப் பயன். மல்லாந்து படுக்கும்போது அந்தக் காலுக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அதுவே இறுக்கத்தைக் கூட்டும். வைக்கவேண்டாம்.

ஷெல் துண்டு உள்ளவர்களிடம் முதல்நாளே தனியாகக் கேளுங்கள்: எந்த இடம், அழுத்தினால் நோகுமா, மரத்துப்போவதுண்டா? அந்த இடம் நிலத்தில் அழுந்தாதபடி துவாயை மடித்து இரண்டு பக்கமும் வைத்து நடுவில் பள்ளம் விடுங்கள். முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருந்தால், ஆஸ்பத்திரியில் கேட்டு வரும்வரை முறுக்கலும் ஆழக் குனிதலும் வேண்டாம். புதிதாக மரத்துப்போனாலோ, கால் சோர்ந்தாலோ, சலம் போவதில் மாற்றம் வந்தாலோ அன்றே வைத்தியரிடம் அனுப்புங்கள். "செய்யச் செய்யச் சரிவரும்" என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது.

இனிச் சவாசனம், வகுப்பு முடிவில் அசையாமல் படுத்து எடுக்கும் ஓய்வு. வன்னியில் ஒரு வகுப்பு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, "கண்ணை மூடுங்கோ, அசையாதீங்கோ" என்று சொல்வதுதான் வழமை. 2009இல் பங்கருக்குள் கிடந்த உடம்புக்கு இருட்டில் அசையாமல் படு என்பது ஓய்வாக இராது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், சிலர் எழுந்து வெளியே போவார்கள். அடுத்த நாள் அவர்கள் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். ஆகவே கதவு திறந்தே இருக்கட்டும், வெளிச்சம் இருக்கட்டும். கண்ணை மூடலாம், அல்லது கூரையில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று சொல்லுங்கள். சரிந்து படுக்கலாம், சுவரில் சாய்ந்தும் இருக்கலாம். எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்திலேயே முடியுங்கள். முதல் மாதத்துக்கு நாலு நிமிடம் காணும். ஆசிரியர் ஒரே இடத்தில் இருந்து பேசவேண்டும், படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நடக்கக்கூடாது. முடிவில் மணி அடிப்பதோ கைதட்டுவதோ வேண்டாம். குரல் போதும்.

"வலது பெருவிரலைத் தளர்த்துங்கள், இடது பெருவிரலைத் தளர்த்துங்கள்" என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிப்போகும்போது, இடது கால் இல்லாதவர் அங்கே படுத்திருக்கிறார் என்பதை நினைக்கவேண்டும். இல்லாத கால் பலருக்கு இன்னமும் நோகிறது. சிலருக்கு அந்தக் காலையும் சேர்த்துச் சொன்னால் இதமாக இருக்கும், சிலருக்கு அது நோவைக் கிளப்பிவிடும். தனியாகக் கேட்டு வையுங்கள். தெரியாவிட்டால் "பாயில் பட்டிருக்கிற இடமெல்லாம் பாரத்தை விடட்டும்" என்று சொல்லுங்கள். எந்த உடம்புக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் முதற்கேள்வி. மூன்றும் யோகாதான். முதல் இருவரின் முறைகளும் பார்க்க எதிரெதிர், ஆனால் இரண்டையும் வளர்த்தவர்கள் ஒரே குருவின் மாணவர்கள். மைசூரில் படிப்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) படித்த பட்டாபி ஜோயிஸ், மூச்சோடு தொடர்ந்து ஓடும் வரிசையைக் கொண்டுபோனார். அதே குருவின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் கதிரை, பட்டி, கட்டை எல்லாம் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் நின்று திருத்தும் முறையை வளர்த்தார். குருவின் மகன் தேசிகாச்சார், ஆளுக்கேற்றபடி ஆசனத்தை மாற்றுவதையே முதன்மையாக வைத்தார். ஒருவரிடம் படித்தவர்களே மூன்று வழியாகப் போயிருக்க, உங்கள் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பிழை என்பதற்கு என்ன தேவை?

திருத்தும் ஆசிரியர் உங்களுக்குப் பெரும் சொத்து, சுவரும் கதிரையும் அவர் கைக்குத்தான் அடங்கும். ஆனால் தொடமுன் கேட்கவேண்டும், பின்னால் வந்து தொடவே கூடாது. ஒரு நிலையில் எத்தனை மூச்சு என்று முதலே சொல்லவேண்டும். முடிவு தெரியாமல் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சூரிய நமஸ்காரக்காரர் பன்னிரண்டு சுற்றை மூன்றாக்கட்டும். ஓர் அசைவுக்கு ஒரு மூச்சு, அதற்கு மேல் வேகம் இல்லை. பின்னுக்குப் பாயாமல் ஒவ்வொரு காலாக வைத்து, நெஞ்சை இறக்கும்போது முழங்காலை ஊன்றினால் மணிக்கட்டும் நாரியும் தப்பும். யோகா குரு சிவானந்தரின் வழியில் ஆசனங்களுக்கு இடையில் ஓய்வு விடும் வழக்கத்தையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிவானந்தர் பிறந்தது திருநெல்வேலிப் பத்தமடையில், பாய்க்குப் பேர்போன ஊர். அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1950களில் திருகோணமலையிலும் கண்டியிலும் இருந்தவர். எங்களுக்குத் தூரத்து வழி அல்ல.

மூச்சு ஆசிரியர் சொல்லும் 16, 64, 32 திருமூலர் சொன்ன கணக்கு. அதில் பிழை இல்லை. யாருக்கு, எப்போது என்பதில்தான் பிழை. ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் ஒரு மூச்சுக்கு 112 வினாடி, இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட. புதிதாக வருபவர் இதற்கு முயன்றால் முகம் சிவக்கும், பிரஷர் ஏறும், பதற்றம் உள்ளவருக்குப் பதற்றம் கூடும். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவதோடு தொடங்குங்கள், அடக்கல் வேண்டாம். ஐந்து நிமிடம். மூச்சை விட்டு முடிந்ததும் அடுத்த மூச்சை "ஹக்" என்று அள்ளி எடுத்தால் எண்ணிக்கை கூடிவிட்டது. 3க்கும் 4க்கும் இறக்குங்கள். கபாலபாதி போன்ற வேக மூச்சுகளைப் பொது வகுப்பில் விட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் நெஞ்சு வருத்தக்காரருக்கும் அது ஆகாது.

மூவருக்கும் கிழமையில் ஒவ்வொரு நாள் கொடுத்து, யாருடைய நாள் எது, என்ன செய்வார்கள் என்று மண்டபப் பலகையில் எழுதிவிடுங்கள். சனம் தெரிந்தெடுக்கும். தொடங்கும்போது ஒரு நிமிட மௌனம் எல்லாருக்கும் பொது. ஓம் சொல்ல விரும்புவோர் சொல்லட்டும், வேதக்காரரான கிறிஸ்தவர்களும் முஸ்லிம் பெண்களும் மௌனமாக இருக்கலாம் என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாய்களை வரிசையாகப் போடாமல் லாட வடிவில் சுவரோரம் போட்டால் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கவேண்டி வராது, சட்டையோடு வரும் பெண்களுக்கும் கூச்சம் குறையும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் விடிய இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வகுப்புக்கு வரக்கூடாது. எப்போது போடுவது, எப்போது சாப்பிடுவது என்று கிளினிக்கில் கேட்டு வரட்டும். வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இருத்துங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய பாதங்களில் உணர்வு குறைவாக இருக்கலாம், வகுப்பு முடிய அடிப்பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கச்சான் பிடுங்கும் காலத்திலும் காலபோக அறுவடையிலும் வரவு குறையும். அந்த நாட்களில் வகுப்பை நிறுத்தாமல் பின்னேரம் இருபது நிமிடமாகச் சுருக்குங்கள். நாள் முழுக்கக் குனிந்தவருக்கு மேலும் குனிதல் வேண்டாம். முதலில் குப்புறப் படுத்து மூன்று நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்திய தாழ்ந்த புஜங்காசனம், ஐந்து மூச்சு, இரண்டு தரம்; நாரி நெரிந்தால் முழங்கைகளை இன்னும் முன்னுக்கு வைக்கவேண்டும். கடைசியில் மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களைக் கதிரை இருக்கையில் தூக்கிவைத்து ஏழு நிமிடம். அதற்கும் அந்தக் கதிரைகள் வேண்டும், அடுக்கி மூலையில் வைத்துவிடாதீர்கள்.