ஹெட்போனில் குரல் பிந்தி வருகிறதே!

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வைத்துப் பாடிப் பதிகிறேன். ஹெட்போனில் குரல் பிந்தி வருகிறது. பஃபரை (ஒலியைச் சிறிது சேர்த்து வைத்து அனுப்பும் இடைத்தேக்கத்தை) குறைத்தால் 'பட் பட்' என்று வெடிக்கிறது. இன்டர்ஃபேஸை மாற்றிவிடலாமா?

பதில்: காசைக் கரியாக்காதீர்கள். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கைத் திறந்து, எந்த டிரைவர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஏஸியோ என்பது ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் வகை. ஆனால் 'ஏஸியோ ஃபார் ஆல்' (ASIO4ALL) என்றிருந்தால், அது விண்டோஸின் பொது டிரைவர்மேல் போர்த்திய போர்வைதான். கேபிளைக் கழற்றி, பழைய டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஏஸியோ டிரைவரை நிறுவி, நிறுவல் கேட்கும்போது கேபிளைச் செருகுங்கள். ஹப் வேண்டாம், நேரே லேப்டாப் போர்ட்டில்.

48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் (ஒலித் துணுக்கு) பஃபர் என்றால் ஒருவழிக்கு 5.3 மில்லி செகண்ட். போக வர 10.7. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் எடுக்கும் நேரம் தனி. பாடும்போது 128, மிக்ஸிங்கில் 1024 வையுங்கள்.

அப்புறமும் வெடித்தால் 'லேட்டன்ஸிமான்' என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். பலமுறை குற்றவாளி வைஃபைதான். பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள். சார்ஜரைச் செருகியே பாடுங்கள், பேட்டரியில் பிராசஸர் வேகம் இறங்கிவிடும்.

இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் (குரலை லேப்டாப்புக்குள் சுற்றவிடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்புவது) இருந்தால் அதை அழுத்தி, சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணையுங்கள். இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.