சரிவுல இருக்குற அடிக்கட்டையை பிடுங்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு காபித் தோட்டம் இருக்கு. ரோட்டுல இருந்து கீழ ஓடைக்கு போற ஒத்தையடிப் பாதை பூராவும் உண்ணிச்செடி மூடிக் கிடக்கு, நடுநடுவுல வெட்டின சில்வர் ஓக் அடிக்கட்டைங்க வேற. ஜேசிபி விட்டு பிடுங்கிறலாமா, இல்ல தீ வச்சிரலாமா? புதருக்கு மருந்து அடிக்கலாமா?
- ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: பிடுங்கவும் வேண்டாம், தீயும் வேண்டாம்மா, தயவுசெஞ்சு. சரிவுல கட்டையை வேரோட எடுத்தா குழி விழும், மேல இருந்து வர்ற மழைத்தண்ணி நேரா அதுல இறங்கி பாதையையே அறுத்துட்டு போயிரும். செத்த வேர் கூட சில வருஷம் மண்ணை பிடிச்சு வச்சிருக்கும், அதுக்குள்ள புல்லு செடி வேர் விட்டுரும். அதனால கால் வைக்கிற தடத்துல இருக்குற கட்டையை மட்டும் சுத்தி தோண்டி, பக்க வேரை கோடாலியால வெட்டி, கடப்பாரை போட்டு நெம்பி எடுங்க, எடுத்த கையோட குழியில கல்லும் மண்ணும் போட்டு இடிச்சு இறுக்கிருங்க. கீழ் ஓரத்துல நிக்கிறத தரைமட்டத்துக்கு அறுத்துட்டு விட்ருங்க, சில்வர் ஓக் பெரும்பாலும் திரும்ப தழைக்காது. வேரழுகல் பூஞ்சை வந்து பக்கத்து காபிச்செடி வாடுதுன்னா மட்டும் அந்தக் கட்டையை எடுத்துத்தான் ஆகணும்.

உண்ணிச்செடி அப்படி இல்ல, மேலாக்க வெட்டினா வெட்ட வெட்ட தழைக்கும். டெல்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியர் சி.ஆர். பாபு சொல்லிக்கொடுத்த முறை இருக்கு, மண்ணுக்கு ஒண்ணு ரெண்டு இஞ்ச் கீழ வேரை வெட்டி, செடியை தலைகீழா கவுத்து வச்சிரணும், தண்டு ஈரமண்ணுல பட்டா வேர் விட்டுரும்ல, அதுக்குத்தான். பழம் பிடிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சா விதை கொட்டாது. அடுத்த மழைக்கு முளைக்கிற கன்னை கையாலயே பிடுங்கலாம், ரெண்டு மூணு வருஷம் விடாம பாக்கணும்.

மத்த புதர்த்தண்டை அரிவாளால சாய்வா வெட்டாதீங்க, ஈட்டி மாதிரி நிக்கும், வழுக்கி விழுந்தா காலை கிழிச்சிரும். மட்டமா, தரையோட ஒட்டி வெட்டுங்க. ஒருத்தர் மேல வேலை செய்யுறப்ப நேர் கீழ ஆள் நிக்கவே கூடாது, உருள்ற கல்லும் கட்டையும் சத்தம் கொடுத்துட்டு வராது.

தீ சரிவுல மேல்நோக்கி எவ்ளோ வேகமா ஏறும்னு 2018 மார்ச்சுல குரங்கணியில பாத்தோமே, எத்தனை உசுரு போச்சு. ஜேசிபிக்கு கொடைக்கானல் தாலுகாவுல கட்டுப்பாடும் இருக்கு, மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும்.

மருந்து வேண்டவே வேண்டாம், பாதை முடியுறது ஓடையில. வேலையை வடகிழக்கு பருவமழை முடிஞ்சு ஜனவரியில வச்சுக்கோங்க, மண்ணுல ஈரம் இருக்கும் வேர் லேசா வரும், கிளறின மண்ணை அடிச்சுட்டு போற மழையும் இருக்காது.