ஆற்று நீரில் ஒரு பங்கைக் கடலுக்கென்று சட்டம் ஏன் ஒதுக்குகிறது?

ஆறும் அதன் கழிமுகமும் உயிரோடு இருக்க, ஆற்றிலேயே விட்டுவைக்க வேண்டிய நீரின் அளவையும் அது ஓட வேண்டிய காலத்தையும் சேர்த்துச் சூழலியல் நீரோட்டம் என்கிறோம்.

சம்பளம் வந்ததும் வாடகைப் பணத்தை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் செலவழிக்கிறோம் அல்லவா? தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம் இதைத்தான் செய்கிறது. மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் தேவைக்கும் நீரை முதலில் ஒதுக்குகிறது. பாசனமும் தொழிற்சாலையும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மிக நியாயமானது என்பேன். எல்லோரும் எடுத்தபின் மிஞ்சுவதுதான் ஆற்றுக்கு என்றால், எதுவும் மிஞ்சாது.

கொலராடோ ஆற்றில் அதுதான் நடந்தது. பல பத்தாண்டுகளாக அந்த ஆறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடவே இல்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் 2012இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2014 மார்ச்சில் சுமார் எட்டு வாரங்களுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. புழுதி பறந்த ஆற்றுப்படுகையில் நீரின் விளிம்பு மெல்ல ஊர்ந்து வருவதைப் பார்க்க ஊரே திரண்டது. ஈர மணலில் வில்லோ மரக் கன்றுகள் முளைத்தன.

'கடலில் கலக்கும் நீர் வீண்' என்று பலர் நினைப்பது தவறு: கடலோரத்துக்கு வண்டலைக் கொண்டுசேர்ப்பதும், உப்பு உள்ளே ஏறாமல் தடுப்பதும், கழிமுகத்து மீன்குஞ்சுகளை வளர்ப்பதும் அந்த நீர்தான்.