ஆக்லாந்து அக்கா பதில்கள்

கேள்வி: உங்கள் எதிர்வீட்டு டோங்கா நாட்டு அம்மா, மூன்று பிள்ளைகளை வளர்த்த பிறகு 44 வயதில் கல்லூரியில் சேர்ந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். மரப்பட்டையில் துணி செய்வாரே, அதை விட்டுவிட்டாரா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: விடவில்லை. அந்தத் துணிக்கு ஙாத்து என்று பெயர். (ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லை எழுதக் கிடைத்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.) கல்யாணமோ சாவோ, டோங்கா வீடுகளில் ஙாத்தும் தாழை ஓலைப் பாயும் கைமாறியாக வேண்டும். பெண்கள் கையால் உண்டாக்கும் இந்தச் சொத்தை 'கொலோவா' என்பார்கள். நம் வீட்டு நகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி வைப்பதுதான் குறைவு, கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஊரில் அவருடைய அம்மா செய்தது இப்படி. ஹியாபோ செடியின் பட்டையை உரித்து, வெளித்தோலை நீக்கி, உள்பட்டையை ஊறவைத்து, கட்டை மேல் போட்டு மரச் சுத்தியலால் அடி அடியென்று அடிப்பார்கள். கையகலப் பட்டை பல மடங்கு விரியும். கிராமம் முழுக்க அந்த டக் டக் சத்தம்தான், ஞாயிறு தவிர. ஞாயிற்றுக்கிழமை தொழில் செய்யக் கூடாது என்று அந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது!

அதற்குப் பிறகு வருவது கூட்டு வேலை. நீள மேசையின் இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, அடித்த பட்டைகளைக் கிழங்குப் பசையால் ஒட்டி, அடியில் இருக்கும் அச்சு மேலே தெரியும்படி கோக்கா மரப்பட்டைச் சாயத்தைத் தேய்ப்பார்கள். தனியாளாக முடியவே முடியாது. எதிர்வீட்டம்மாவின் படிப்பு பிழைத்ததும் இதனால்தான். படிப்பது மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி. இங்கே சர்ச் ஹாலில் சனிக்கிழமை கூடுகிறார்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய வாரங்களில் இவருடைய பங்கை மற்ற மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். லீவு விட்டதும் இவர் அவர்கள் வீட்டுத் துணிக்குப் போய் உட்கார்ந்தார். நம் ஊரில் நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்களே, அந்தக் கணக்குதான். நோட்டில் எழுதுவதில்லை, ஆனால் யாருக்கும் மறக்காது.

ஒரு தடவை அவருடைய கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்க ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் ரேகை. கோக்கா சாயம், சோப்புக்குப் போகாது. திருத்தியவர் அதைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். இவர் பக்கத்திலேயே பதில் எழுதியிருந்தார்: "சனிக்கிழமை".

கேள்வி: நியூசிலாந்தில் அந்தப் பட்டைக்கு எங்கே போவார்கள்?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஊரிலிருந்து வந்தால் உண்டு. இல்லாவிட்டால் வைலீன். சட்டைக் காலருக்குள் டெய்லர் வைத்துத் தைக்கும் கேன்வாஸ் மாதிரி ஒன்று. அதன் மேல் அதே அச்சு, அதே தேய்ப்பு. இதுவும் ஒரு ஙாத்தா என்று முகம் சுளிக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது, மறுக்கமாட்டேன். ஆனாலும் நான் வைலீன் கட்சி. அது இல்லையென்றால் அந்த ஹாலில் பாதிச் சனிக்கிழமைகள் மேசையே போட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: நீங்கள் கற்றுக்கொண்டீர்களா அக்கா?
- கல்லூரி மாணவி, நெல்லை

பதில்: ஒரே ஒரு நாள் போனேன். டோங்கா அரசரின் அரண்மனைக்குப் போகும் சாலையின் பைன் மர வரிசை அவர்களுடைய பழைய அச்சுகளில் ஒன்று. நான் தேய்த்த இடத்தில் அச்சு நகர்ந்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேய் நிழல் விழுந்துவிட்டது. ஒரு பாட்டி என் கையிலிருந்த சாயத் துணியை வாங்கிக்கொண்டு வேறு வேலை கொடுத்தார். ஙாத்தின் ஓரத்தில் அளவுக்காக வரிசையாக எண் போடுவார்கள். 50 வரை போனால் அது 'லௌநிமா', 20 மீட்டருக்கு மேல் நீளும். சரி, எண்தானே என்று உட்கார்ந்தேன். 14 இரண்டு தடவை வந்திருப்பதை எதிர்வீட்டம்மாதான் கண்டுபிடித்தார்.