எஃப்.சி.யில் தேறாத பழைய காரை வாங்கலாமா?

பெங்களூரில் பழைய கார் தேடுவோர் பலரும் கேட்பது இது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, வண்டி சாலையில் ஓடப் பாதுகாப்பானதா என்று சோதித்து ஆர்.டி.ஓ. தருவது, சொந்தக் காருக்கு 15 ஆண்டுப் பதிவு முடியும்போது தேவைப்படும்.

எரியாத பிரேக் விளக்கு, 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பள்ளம் தேய்ந்த டயர், ஒருபக்கமாக இழுக்கும் பிரேக், அதிகப் புகை ஆகியவையே வழக்கமான குறைகள். இவற்றில் பல ஓட ஓடத் தேயும் பாகங்களால் வருபவை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் தினமும் நின்று நகரும் காரின் பிரேக் பட்டை இன்னும் சீக்கிரம் தேயும், மாற்றினால் தீர்ந்தது. அடிச்சட்டத்தில் துரு அரித்திருந்தால் மட்டும் நான் விலைகூடக் கேட்க மாட்டேன்.

பள்ளி மருத்துவ முகாமில் கண்ணையும் பல்லையும் பார்ப்பதைப் போன்றதே இச்சோதனை. எஞ்சின் ஆயில் குடிப்பதையோ கியர்பாக்ஸின் உள்தேய்மானத்தையோ பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே, எஃப்.சி. புதிது என்பதால் வண்டி பழுதில்லாமல் ஓடும் என்று நினைப்பது தவறு. அச்சான்று சோதனை நாளன்று இருந்த பாதுகாப்பு நிலையை மட்டுமே சொல்கிறது.