டேங்கர் மாமா பதில்கள்: படுக்கிற இடம் கடைசிக் கேள்வி

(மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுநர் வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மாமா, என் மகன் அமெரிக்காவில் டென்வரில் வேலை செய்கிறான். வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து யூட்டா, வையோமிங் பக்கம் சுற்றலாம் என்கிறான். தங்குமிடம் எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம், போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாமாம். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. நடக்கிற காரியமா இது? (வாசகர், தைப்பிங்)

பதில்: நடக்கும் ஐயா. ஆனால் "போகிற போக்கில்" என்று மகன் சொல்வதை அப்படியே விட்டுவிடாதீர்கள். என் மகள் குடும்பத்தோடு அந்தப் பக்கம் நானும் போயிருக்கிறேன். மருமகன் ஸ்டீரிங்கைப் பிடித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டினேன்.

டேங்கர் ஓட்டிய காலத்தில், ஆலையில் எத்தனை மணிக்கு எண்ணெய் ஏற்றுவார்கள், துறைமுகத்தில் எனக்கு முன்னால் எத்தனை லோரி நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இன்று ராத்திரி இங்கேதான் படுப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டதே இல்லை. ஆனால் எங்கே டீசல் அடிப்பது, எங்கே குளிப்பது, எந்த இறக்கத்தில் கியரைக் குறைப்பது என்பதெல்லாம் மனப்பாடம். முன்பதிவு இல்லாத பயணத்துக்கும் திட்டம் இதுதான். தண்ணீர், கழிவு, எண்ணெய், தூரம் நான்கையும் முதலில் எழுதுங்கள். படுக்கை தானாக வந்து சேரும்.

சில இரவுகளை மட்டும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். வண்டி எடுக்கும் முதல் இரவு அதில் ஒன்று. புது வண்டி, வலது பக்கச் சாலை, நேர மாற்றத்தில் வரும் தூக்கக் கலக்கம். அன்றைக்குப் போய் இடம் தேடாதீர்கள். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அவர்களுக்குத் தொழிலாளர் தினம். அதை ஒட்டிய சனி, ஞாயிறில் ஊரே வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது, யெல்லோஸ்டோன் போன்ற பெரிய தேசியப் பூங்காவின் உள்ளே தங்கும் இரவுகள். அங்கே பல முகாம்களுக்கு மாதக்கணக்கில் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில் இடம் போய்விடும். மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றையும் வண்டியோடு பூட்டிக்கொள்ளும் வசதி யெல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும்தான் உண்டு. கரடி நடமாட்டத்தால் அங்கே கூடாரத்துக்கே அனுமதி கிடையாது, கெட்டிச் சுவர் வண்டிகள் மட்டும்தான்.

மற்ற இரவுகளைத் திறந்தே வையுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அரசாங்க நிலம் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடக்கிறது. நில நிர்வாகத் துறையை பி.எல்.எம். என்பார்கள். அவர்களுடைய நிலத்தில் பல இடங்களில் காசு கட்டாமலே தங்கலாம். பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை, பிறகு இடம் மாற வேண்டும். குழாய் இருக்காது, விளக்கு இருக்காது, குப்பைத்தொட்டிகூட இருக்காது. ஏற்கனவே வண்டி நின்ற தடத்தில்தான் நிறுத்த வேண்டும், புதுப் புல்லை மிதிக்கக் கூடாது. தேசிய வனப் பகுதிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடங்களுக்குப் பெரும்பாலும் மண் சாலையில்தான் போக வேண்டும், பல வாடகை ஒப்பந்தங்களோ தார் போடாத சாலையில் ஏறவே கூடாது என்கின்றன. மகனை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் விலையைப் பார்ப்பார்கள், பொடி எழுத்தைப் பார்க்க மாட்டார்கள்.

யூட்டாவில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில், 128ஆம் எண் சாலையில் கொலராடோ ஆற்றை ஒட்டியே பி.எல்.எம். முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. தனி வண்டிக்கான இடங்களில் பெரும்பாலும் முதலில் வந்தவருக்குத்தான் இடம். சாயங்காலம் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. நேற்றுத் தங்கியவர்கள் கிளம்பும் நேரம் பார்த்து, காலை பத்து மணிவாக்கில், அதுவும் வார நாளில் போய்ச் சேருங்கள். சிவப்புப் பாறைக்குக் கீழே ஆறு ஓடும். மகளிடம் இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, கழிவுத் தொட்டி நிரம்பியதைக் காட்டினாள்.

அந்தத் தொட்டிதான் உங்கள் கடிகாரம். சிறிய வாடகை ஆர்.வி.யில் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 150 லிட்டர் இருக்கும். நம் வீட்டில் வாளியில் அள்ளிக் குளிக்கிற மாதிரி குளித்தால் ஒரே நாளில் காலி. கழிப்பறைக் கழிவை அதற்கென்று உள்ள இடத்தில்தான் இறக்க வேண்டும். முகாம்களிலும், லோரிகள் நிற்கும் பெரிய எண்ணெய் நிலையங்கள் சிலவற்றிலும் காசு கட்டி இறக்கலாம். மூன்று நாளுக்கு ஒரு முறை இறக்கும் இடம் எது என்று வரைபடத்தில் முதலில் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்கே படுத்தால் என்ன?

ஒன்றும் கிடைக்காத இரவுக்கு வால்மார்ட் கடை வாகன நிறுத்துமிடம். எல்லாக் கிளையிலும் விடமாட்டார்கள், உள்ளே போய் மேலாளரைக் கேளுங்கள். நாற்காலி விரிப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம் அங்கே ஆகாது. படுத்து எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையைப் பற்றி ஓட்டுநராக இரண்டு வார்த்தை. ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்துக்கு மேல் 11,158 அடியில் இருக்கிறது. நம் கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் பட்டணத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள். பிறகு யூட்டாவில் கிரீன் ரிவர் தாண்டினால் சலைனா வரை சுமார் 110 மைலுக்கு எண்ணெய் நிலையம் கிடையாது. கைப்பேசி சமிக்ஞையை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மகன் வடக்கே மொன்டானா வரை ஆசைப்பட்டால், அங்கே கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் நடுப்பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல 25 அடி.

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி, பகல் இரண்டு மணிக்கு மேல் புது இடம் பார்க்கப் போவதில்லை என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு வண்டி நின்றால், இடம் சரியில்லை என்றாலும் இன்னொன்று தேட வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: அங்கிள், என் கணவர் பழைய வேனில் கட்டில் அடித்துத் தீபகற்பத்தைச் சுற்றலாம் என்கிறார். ஹோம்ஸ்டே எதுவும் பதிவு செய்யவில்லை. இரண்டு பிள்ளைகள். எங்கே பாதுகாப்பாக நிறுத்தலாம்? (வாசகி, பாகான் செராய்)

பதில்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கவலை இல்லை அம்மா. ஆர் அண்ட் ஆர் எனும் ஓய்வு நிறுத்தங்களில் ராத்திரி முழுக்க விளக்கு, கழிப்பறை, ஆள் நடமாட்டம் இருக்கும். கார் பக்கம் நிறுத்துங்கள், எங்கள் பக்கம் வேண்டாம். லோரி எஞ்சின் இரவெல்லாம் உறுமும், அசதியில் பின்னால் எடுக்கும் ஓட்டுநருக்கு உங்கள் குட்டை வேன் கண்ணாடியில் தெரியாது. ஏர்கோனுக்காக எஞ்சினை ஓடவிட்டு மட்டும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பிள்ளைகளோடு படுக்கிறீர்கள். சன்னலைக் கொஞ்சம் இறக்கி, வலை கட்டி, பேட்டரி விசிறி வையுங்கள்.

கிழக்குக் கரைக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை போக வேண்டாம், அது மழைக்காலம். மற்ற மாதங்களில் கிழமை பாருங்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. நம் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனால் அங்கே கூட்டம் கலைந்திருக்கும். பேராக்கிலிருந்து போகிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த வசதி.

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் மலைச்சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். எண்ணெயைக் கிரிக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். யானைகள் கடக்கும் சாலை அது. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று அங்கே ஒரு குட்டி லோரியில் அடிபட்டுச் செத்தது, தாய் நகராமல் பக்கத்திலேயே நின்றது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சாலையில் இருட்டில் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. கேமரன் மலைக்குத் தாப்பா வழி வளைவு நெளிவு அதிகம், கட்டில் ஏற்றிய வேனுக்குச் சிம்பாங் பூலாய் வழிதான் நல்லது.

தோட்டப் பாதை வெறிச்சென்று கிடக்கிறதே என்று செம்பனைக்குள் மட்டும் வண்டியைத் திருப்பாதீர்கள். விடியும்போது டிராக்டர் வரும், அதற்கு முன் பாம்பு வரும், இரண்டுக்கும் முன் செக்யூரிட்டி வருவான். நம் ஊர்க் கோயில்களில் தலைவரைத் தேடிப் பிடித்து, குடும்பத்தோடு வந்திருக்கிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். பல இடத்தில் குழாயும் வெளிச்சமும் உள்ள மூலையைக் காட்டுவார்கள். காலையில் அந்த மூலையைக் கூட்டிவிட்டுக் கிளம்புங்கள், உண்டியலிலும் பத்து வெள்ளி போடுங்கள்.

கேள்வி: ஆர்.வி. அடுப்பில் கருவாடு பொரிக்கலாமா மாமா? கறிவேப்பிலையும் கொண்டுபோகலாம்தானே? (வாசகர், கோலகங்சார்)

பதில்: கறிவேப்பிலை வேண்டாம். பச்சை இலையை அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஏறி வரும் என்ற பயம். கொண்டுபோகும் உணவு எதுவானாலும் சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கருவாட்டை வண்டிக்குள் பொரித்தால் வண்டியை வாடகைக்கு விட்டவன் சுத்தம் செய்யத் தனிக் காசு கேட்பான், மெத்தையில் ஏறிய வாடையும் மூன்று வாரம் போகாது. வெளியே பொரிக்கலாம் என்றால் கரடி ஊரில் அதுவும் முடியாது, வாடைக்கே அது வந்துவிடும். மிச்சச் சோற்றையும் வெளியே வைக்காதீர்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் இருந்தால் ரசமும் சாம்பாரும் வைக்கலாம். கருவாட்டை வீட்டுக்கு வந்து பொரித்துக்கொள்ளுங்கள்.