கணிதம் சுமாரானால் கணக்கீடு வேண்டாமா?

கேள்வி: சாதாரண தரத்தில் வணிகப் பாடம் எடுக்காத என் மகள், உயர்தரத்தில் கணக்கீடு (Accounting) படிக்க விரும்புகிறாள். கணிதத்தில் அவள் சுமார்தான். சமாளிப்பாளா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் படிக்கட்டும். இப்பாடத்துக்குத் தேவையான கணிதம் பெரும்பாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மாணவர் தடுமாறுவது தர்க்கத்தில்தான். உதாரணமாக, 500,000 ரூபாவுக்கு வாங்கிய, 5 ஆண்டுகள் பயன்தரும், எச்சப் பெறுமதியற்ற (இறுதியில் விற்றால் எதுவும் கிடைக்காத) இயந்திரமொன்றுக்கு நேர்கோட்டு முறைப்படி, அதாவது சம அளவாக, ஆண்டுதோறும் 100,000 ரூபா பெறுமானத் தேய்வு (பயன்பாட்டால் குறையும் பெறுமதி) பதியும்போது, காசு எதுவும் வெளியேறாமலே இலாபம் ஏன் குறைகிறது என்பதை அவள் விளக்கப் பழக வேண்டும். விடைகளை மனனம் செய்யவைக்கும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கையில்லை. சொத்துகள், பொறுப்புகளும் (கொடுக்க வேண்டிய கடன்கள்) உரிமையாண்மையும் (உரிமையாளரின் பங்கு) சேர்ந்த தொகைக்குச் சமம் என்ற சமன்பாட்டையும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வரவு, செலவு என இரு பக்கமும் பதியும் இரட்டைப் பதிவையும் இந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும்.